தென்காசிப் பகுதியில் ஹைட்ராஞ்சியா தொட்டிச்செடி வளர்ப்பு

ஹைட்ராஞ்சியா (தாவரவியல் பெயர்: ஹைட்ராஞ்சியா மேக்ரோபில்லா) என்பது ஜப்பானைத் தாயகமாகக் கொண்ட பூஞ்செடியாகும். ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் போன்ற மலையூர்களில் நீலமும் இளஞ்சிவப்புமாகப் பந்து பந்தாகப் பூப்பது இதுவே. இதன் பெயர் நீர், கலம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களால் ஆனது; விதைக்காயின் வடிவத்தை வைத்து இடப்பட்ட பெயர் என்றாலும், செடியின் தண்ணீர்த் தாகத்துக்கும் பொருந்துகிறது. இதழ்களாகத் தோன்றுபவை உண்மையில் நிறமேறிய புல்லிதழ்கள்.

பரிசாக வரும் செடி பெரும்பாலும் சிறிய தொட்டியில், வேர்கள் நெருக்கமாகச் சுற்றிய நிலையில் இருக்கும். முதலில் தொட்டியைச் சுற்றியுள்ள வண்ணத்தாளை நீக்க வேண்டும். அழகுக்காக அதை அப்படியே விட்டுவிட்டால் உள்ளே நீர் தேங்கி வேர் அழுகும்.

நீர்

மதியத்தில் இலைகள் துவண்டு தொங்குவதைக் கண்டு பதறி, குடம் குடமாக ஊற்றிச் செடியைக் கொன்றவர்கள் பலர். துவண்டால் முதலில் மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மண் காய்ந்திருந்தால், தொட்டியை வாளி நீரில் காற்றுக் குமிழிகள் நிற்கும்வரை அமிழ்த்தி வைத்து எடுத்து, நீரை வடியவிடலாம். மண் ஈரமாக இருந்தும் துவண்டால் அது வெயிலின் விளைவு. நிழலில் வைத்தால் மாலையில் தானே நிமிரும். ஈரமண்ணில் மறுநாள் காலையிலும் நிமிராவிட்டால் வேர் அழுகல் தொடங்கியிருக்கலாம். அப்போது நீரை நிறுத்துவதே மருந்து.

இடம்

காலை வெயில் மட்டும் படும் கிழக்குத் திண்ணை ஏற்றது. குற்றாலச் சீசனான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, சாரலும் குளிர்ந்த காற்றும் உள்ள அருவிக்கரை ஊர்களில் செடி நன்றாகத் தழைக்கும். ஆனால் அதே மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்று, காற்றாலைகள் சுழலும் சுரண்டை, ஆலங்குளம் பக்கம் வறண்டு வீசும். அகன்ற இலைகள் அதில் விரைவில் ஈரத்தை இழக்கும். அங்கெல்லாம் மேற்குப் பக்கம் சுவர் மறைப்பு தேவை.

நிறம்

நீலத்துக்குக் காரணம் அலுமினியம். பி.எச். அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழுள்ள அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் வழியே ஏறி, பூவிலுள்ள ஆந்தோசயனின் நிறமியோடு சேர்ந்து நீலமாக்குகிறது. காரத்தன்மை கூடினால் இளஞ்சிவப்பு. ஊட்டியில் நீலமாக இருந்த செடி, கடினமான ஆழ்துளைக் கிணற்று நீரால் இங்கு இளஞ்சிவப்பாக மாறுவது இதனால்தான். அதைச் செடியின் நோயாகக் கருத வேண்டாம். துருப்பிடித்த ஆணியைப் புதைக்கும் பழக்கத்தால் பயனில்லை. இரும்பு இந்த வேலையைச் செய்யாது. நான்கு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி படிகாரத்தூள் கரைத்து, மாதம் ஒருமுறை ஈரமண்ணில் ஊற்றலாம். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுவது அதைவிட நல்லது. வெள்ளைப் பூ வகைகள் இவற்றால் நிறம் மாறா.

மறுபடி பூக்குமா?

பரிசு பெற்றவர் கேட்கும் முதல் கேள்வி இது. சமவெளியில் பெரும்பாலும் பூக்காது என்பதே நேர்மையான விடை. பெரும்பாலான வகைகள் முந்தைய ஆண்டுத் தண்டில் மொட்டுக் கட்டுபவை. அதற்குப் பல வாரங்கள் 18 டிகிரி செல்சியசுக்குக் கீழான குளிர் வேண்டும். தென்காசியின் மார்கழி இரவுகள்கூட அதற்குப் போதா. இலைச்செடியாக அதை வைத்துக்கொள்ளலாம். இல்லையேல், சாரல் காலத்தில் பூவாத தண்டில் விரல் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலாக வெட்டி, பெரிய இலைகளைப் பாதியாக நறுக்கி, கழுவிய தென்னைநார்க் கழிவும் மணலும் கலந்த கலவையில் நட்டால், மூன்று நான்கு வாரங்களில் வேர்விடும். வேர்விட்ட கன்றைக் கொடைக்கானலிலோ மூணாற்றிலோ உள்ள உறவினருக்குக் கொடுத்தால் அங்கே பூக்கும்.

பூத்து முடிந்த கொத்தை, அதன் கீழுள்ள நல்ல இலைச்சோடிக்கு மேலே வெட்டிவிட வேண்டும். இலையிலும் மொட்டிலும் நச்சுப்பொருள் உண்டு; வெட்டிய கிளைகளை ஆடு, மாடுகளுக்குப் போடலாகாது. குழந்தைகள் வாயில் வைக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.