பஞ்சமும் புலம்பெயர்வும் கொள்ளைநோயும்: காஞ்சிபுரத் தறிகள் தரும் விளக்கம்

பஞ்சம், பட்டயம், கொள்ளைநோய் ஆகிய மூன்றையும் எரேமியா தீர்க்கதரிசி பலமுறை ஒருங்கே சேர்த்துக் கூறுகிறார். ரூத்தின் புத்தகமோ முதல் ஐந்து வசனங்களுக்குள்ளேயே பஞ்சத்தையும், அதனால் ஒரு குடும்பம் பெத்லகேமை விட்டு மோவாபுக்குப் பெயர்ந்ததையும், அங்கே ஆடவர் மூவர் மாண்டதையும் சொல்லி முடித்துவிடுகிறது. இவை ஒன்றையொன்று தொடர்ந்து வருவன என்பதைப் பண்டைய மக்கள் தம் பட்டறிவால் அறிந்திருந்தனர். ஏன் தொடர்ந்து வருகின்றன என்பதே நாம் இங்கு ஆராய விரும்பும் வினா. காரணம் தெளிவானால், இச்சங்கிலியை எந்தக் கண்ணியில் அறுக்கலாம் என்பதும் தெளிவாகும்.

இதனை விளக்கக் காஞ்சிபுரத்தை எடுத்துக்கொள்வோம். அது கோயில் நகரம். ஆகையால் வெளியூர் மக்கள் திரளாக வந்து கூடும் இடம். அது நெசவு நகரமுமாம். ஆகையால் நெல் விளைவியாது, நெல்லை விலைக்கு வாங்கி உண்ணும் குடும்பங்கள் நிறைந்த இடம்.

1. தாது வருடப் பஞ்சமும் நெசவாளரும்

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தை நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்றனர். காஞ்சிபுரத்தை உள்ளடக்கிய அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டமும் அதற்குத் தப்பவில்லை. இந்திய அளவில் அதில் மாண்டோர் 50 லட்சத்திற்கும் மேற்பட்டோர் என்பது பொதுவான மதிப்பீடு.

மழை பொய்த்தால் முதலில் துன்புறுபவன் உழவன் என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் உழவனுக்கு முன்னரே நெசவாளன் வீழ்வதுண்டு. நெல் விலை ஏறியவுடன் மக்கள் துணி வாங்குவதை நிறுத்திவிடுகின்றனர். அரிசியின் விலை உயரும் அதே வாரத்தில் நெசவாளனின் வருமானம் அற்றுப்போகிறது. அவன் வீட்டில் குதிரும் இல்லை, களஞ்சியமும் இல்லை. முதலில் பித்தளைப் பாத்திரங்களை விற்கிறான். பின்னர்த் தறியை விற்கிறான். தறி கைவிட்டுப் போன நாளிலிருந்து அவன் கைத்தொழிலாளியல்லன். எங்கேனும் கூலி தேடிச் செல்லும் பரதேசி.

அன்றைய அரசு நிவாரணமாக அளித்தது பெரும்பாலும் மண் வெட்டும் வேலையும் கல் உடைக்கும் வேலையுமே. பட்டிழையைக் கையாளும் விரல்கள் அதற்கு ஏற்றவையல்ல. அவ்வேலைக்கும் 1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கூலி குறைக்கப்பட்டது. சர் ரிச்சர்டு டெம்பிள் என்பார், ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியமும் சிறிது காசும் போதும் என்று வரையறுத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையராகிய மருத்துவர் கார்னிஷ் அதனை வன்மையாக எதிர்த்தார். உழைக்கும் உடலுக்கு அவ்வளவு போதாது என்றும், அது மெல்லக் கொல்லும் பட்டினி என்றும் அவர் வாதிட்டார். சில மாதங்களுக்குப்பின் மாகாண அரசு கூலியை உயர்த்தியது. அதற்குள் எத்தனையோ உடல்கள் தளர்ந்துவிட்டன.

2. பசி நோயாக மாறும் வழி

1877ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் வாந்திபேதியால் மட்டும் 3,50,000 பேருக்கு மேல் மாண்டனர். பட்டினிச் சாவு எனக் கணக்கில் வராத இச்சாவுகளுக்கும் பசியே வேர். இது எங்ஙனம் என்று காண்போம்.

முதலாவது, மெலிந்த உடலின் இரைப்பையில் அமிலம் குறைகிறது. வாந்திபேதிக் கிருமிகளில் பெரும்பகுதியை அழிக்கும் காவல் அந்த அமிலமே. காவல் தளர்ந்தால் சிறிதளவு அசுத்த நீரும் நோய் தருவதற்குப் போதுமானது. இரண்டாவது, வறட்சியில் கிணறுகள் வற்றவே, எஞ்சிய ஒன்றிரண்டு நீர்நிலைகளை ஊரார் அனைவரும் நாடுகின்றனர். ஒருவரின் அசுத்தம் பலரின் குடிநீராகிறது. மூன்றாவது, ஊரை விட்டு நடப்போர் வழியெங்கும் நோயைச் சுமந்து செல்கின்றனர். கஞ்சி கிடைக்கும் முகாம்களில் நெருங்கிப் படுக்கின்றனர். நான்காவது, நெடுநாள் கழித்து மழை பெய்யும்போது துன்பம் தீர்ந்தது என எண்ணுகிறோம். ஆனால் அப்போதுதான் கொசு பெருகி, நலிந்த உடல்களைக் குளிர்காய்ச்சல் பற்றுகிறது. ஆகவே பஞ்சத்தின் சாவுகள் பஞ்சத்தோடு முடிவதில்லை.

சென்னையில் 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது எழுந்த மணியக்காரர் சத்திரம் இங்கு நினைக்கத்தக்கது. பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்த அவ்விடம் பின்னர் மருத்துவமனையாக வளர்ந்து, இன்று ஸ்டான்லி மருத்துவமனையாக விளங்குகிறது. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று மக்கள் வழங்கும் பெயர், பசியும் நோயும் ஒரே வாயிலில் வந்து நின்றதற்குச் சான்றாகும்.

3. கூட்டம் தானே நோயன்று

மக்கள் இடம்பெயர்வதும் கூடுவதுமே நோய்க்குக் காரணம் என்பது பலரின் எண்ணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அலுவலர்களும் யாத்திரிகரை அவ்வாறே ஐயத்தோடு நோக்கினர். திருவிழா முடிந்து மீள்வோரைத் தொடர்ந்து வாந்திபேதி சென்றது மெய்யே. ஆனால் நோய் யாத்திரையில் இல்லை. யாத்திரிகர் குடித்த நீரில் இருந்தது.

2019ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள்கள், நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் அத்திவரதர் வைபவத்திற்காக ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் காஞ்சிபுரம் வந்தனர். நெரிசலில் உயிரிழப்புகள் நேர்ந்தன, அது வருந்தத்தக்கது. ஆயினும் பழங்கால வாந்திபேதி அங்கு மூளவில்லை. குடிநீரும் கழிப்பிடமும் மருத்துவ முகாம்களும் இருந்தமையே இவ்வேறுபாட்டுக்குக் காரணம் எனலாம்.

2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோதும், பிணங்களிலிருந்து கொள்ளைநோய் பரவும் என்ற அச்சம் தமிழகக் கடற்கரையெங்கும் எழுந்தது. பேரிடரில் மாண்டோரின் உடல்கள் பொதுவாகக் கொள்ளைநோயைத் தோற்றுவிப்பதில்லை. உயிரோடிருப்போர் அசுத்த நீரைக் குடித்து நெருங்கி வாழ்வதே தோற்றுவிக்கும். முகாம்களில் நீருக்குக் குளோரின் இடப்பட்டது. குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்டது. எதிர்பார்த்த பெருநோய் வரவில்லை. அச்சத்தால் அவசர அவசரமாகப் புதைக்கப்பட்டோரின் உறவினர்க்கோ, முகம் காணாத துயரம் நெடுங்காலம் நீடித்தது. அடக்க ஆராதனை நடத்தும் ஆயர்கள் இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

1971ஆம் ஆண்டு வங்கப் போரில் எல்லை கடந்து வந்த அகதிகளிடையே வாந்திபேதி மூண்டது. வனகாவ் என்னுமிடத்தில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ், நரம்பில் ஏற்றும் மருந்து நீர் தீர்ந்துபோன நிலையில், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு 30 என்னும் அளவில் இருந்த இறப்பு, நூற்றுக்கு 4க்கும் கீழே இறங்கியது. அகதிகளின் தொகை குறையவில்லை, மழையும் நிற்கவில்லை. ஒரு கண்ணி மட்டும் அறுக்கப்பட்டது.

4. நோய் பஞ்சத்தைப் பெற்ற ஆண்டு

இச்சங்கிலி எதிர்த்திசையிலும் இயங்கும். தமிழகத்தில் கொரோனா தொற்று முதன்முதலாக 2020 மார்ச் 7 அன்று, வெளிநாட்டிலிருந்து காஞ்சிபுரம் திரும்பிய ஒருவரிடம் உறுதி செய்யப்பட்டது. அவர் நலம்பெற்று வீடு திரும்பினார். ஆனால் மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. சித்திரை, வைகாசித் திருமணங்கள் தள்ளிப்போயின அல்லது சுருங்கின. முகூர்த்தப் புடவை கேட்பாரில்லை. கருநாடகத்துப் பட்டுநூலும் சூரத்தின் ஜரிகையும் வந்து சேரவில்லை. கிருமி தீண்டாத வீடுகளிலும் தறி நின்றது. தாது வருடத்தில் பஞ்சம் நோயைக் கொணர்ந்தது. 2020இல் நோய் பஞ்சத்தைக் கொணர்ந்தது. இரண்டிலும் இடையில் நின்று தாக்குண்டவன் நாள் வருமானத்தால் வாழ்பவனே.

ஒரு வேறுபாட்டையும் சொல்லவேண்டும். 1877இல் இல்லாத நியாயவிலைக் கடை 2020இல் இருந்தது. அரிசி கிடைத்தமையால் பட்டினிச் சாவு தடுக்கப்பட்டது. ஆனால் அரிசி தறியை இயக்காது. நெசவாளர் பலர் தறி உரிமையாளரிடம் முன்பணம் பெற்றவர்கள்; வேலையில்லாத மாதங்களில் அக்கடன் ஏறுகிறது. பெருமழைக் காலங்களிலோ குழித்தறியின் குழியில் நீர் ஊறுகிறது. நெசவாளனுக்கு வீடே பட்டறையாதலால், ஒரே வெள்ளம் கூரையையும் கூலியையும் பறிக்கிறது. இதனால் சலித்த இளைஞர் திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர். ஊருக்குள் நிகழும் இப்பெயர்ச்சியும் புலம்பெயர்வே. அத்தொழிற்சாலைகளுக்குத் தொலைவிலிருந்து வரும் பெண்களோ விடுதிகளில் நெருங்கி வாழ்கின்றனர். 2021 டிசம்பரில் திருப்பெரும்புதூர்ப் பகுதி விடுதியொன்றின் உணவு கெட்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மருத்துவமனை சேர்ந்தமை, பழைய முகாமின் சிக்கல் புதிய கட்டடத்திலும் குடியேறக்கூடும் என்பதைக் காட்டியது.

5. திருப்பணியாளர் கவனத்திற்கு

கொள்ளைநோய் யாருடைய பாவத்தின் தண்டனை என்னும் வினா சபைகளில் எழாமல் இருப்பதில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்டவர்களைப் பற்றியும், பிறவிக்குருடனைப் பற்றியும் நம் ஆண்டவர் அவ்வினாவை ஏற்றுக்கொள்ளவில்லை என்பதை மாணவர் அறிவர். மேற்கண்ட வரலாறும் அதற்கு இசைவாகவே பேசுகிறது. சாவு பாவியைத் தேடிச் செல்லவில்லை. சோறும் சுத்த நீரும் இல்லாதவனைத் தேடிச் சென்றது.

தாது வருடத்திலேயே நல்ல வழியொன்றும் கண்டறியப்பட்டது. சென்னை அரசு நெசவாளர்க்கு நூல் கொடுத்து, நெய்த துணியைக் கூலியளித்துப் பெற்றுக்கொள்ளும் முறையை மேற்கொண்டது. நெசவாளன் தறியை விற்கவும் இல்லை. ஊரை விட்டு முகாமுக்கு நடக்கவும் இல்லை. ஆகவே நோயின் பாதையில் அவன் அகப்படவும் இல்லை. பின்னர் வகுக்கப்பட்ட பஞ்ச நிவாரண விதிகளிலும் இம்முறை இடம்பெற்றது. அதே பஞ்சத்தில் ஓங்கோல் அருட்பணியாளர் கிளஃப், பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியை ஒப்பந்தமாக எடுத்துப் பசித்தோர்க்கு வேலை கொடுத்தார். சோற்றுக்காக விசுவாசம் என்ற பழி நேராதபடி, நிவாரணம் நடந்த காலத்தில் திருமுழுக்குக் கொடுக்க மறுத்தார். 1878 ஜூலை 3 அன்று மட்டும் 2,222 பேர் அங்கு திருமுழுக்குப் பெற்றது அதன் பின்னரே.

இடர்காலத்தில் நம் சபைகள் அரிசி மூட்டையும் போர்வையும் வழங்கத் தவறுவதில்லை. அவை முதல் வாரத்திற்குத் தேவையானவை. இரண்டாம் மாதத்திற்குத் தேவையானது வேறு. இல்லம் சந்திக்கும் ஆயர் மூன்றைக் கேட்டறிவாராக: இவ்வீட்டார் குடிநீர் எங்கிருந்து எடுக்கின்றனர்? தறியோ கருவியோ இன்னும் கையிலிருக்கிறதா, அடகிலிருக்கிறதா? இவர்களுள் யார் ஊரை விட்டுப் போக ஆயத்தமாகின்றனர்? தறி அடகிலிருந்து மீண்டால், போகவிருந்தவர் தங்கக்கூடும். சபையின் நிவாரண நிதியில் ஒரு பகுதியை நூல் வாங்கவும் அடகை மீட்கவும் ஒதுக்குவது, மருத்துவப் பணியின் ஒரு பகுதியே என்று ஆலோசனைக் குழுக்களில் எடுத்துரைப்பது நம் கடமையாகும்.