வாக்குறுதியும் வட்டாரமும்: ஓர் அமெரிக்க அபேட்சகரின் தேர்தல் வேலைத்திட்டம்

குடியாட்சி நிலவும் நாடுகளிலெல்லாம் தேர்தற் காலம் வாக்குறுதிகளை விதைக்கும் காலமாக இருக்கின்றது. விதைத்தவை யாவும் முளைப்பதில்லை. முளைத்தவை யாவும் விளைவதும் இல்லை. ஆகவே, அபேட்சகர் ஒருவர் நம் முன் வந்து, தாம் நம் வட்டாரத்தின் நலனையே நாடுவதாகக் கூறும்பொழுது, அக்கூற்றை எவ்வாறு எடைபோடுவது என்னும் வினா வாக்குரிமை பெற்ற ஒவ்வொருவர்க்கும் எழுதல் இயல்பே. நம் கல்லூரி மாணவருள் பலர் அவ்வுரிமையை இப்பொழுதுதான் அடைந்துள்ளனர். அவர்கட்குப் பயன்படுமென்னும் எண்ணத்துடன், ஐக்கிய அமெரிக்க நாட்டில் 1968-ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு தேர்தலையும், அதில் ஓர் அம்மையார் கைக்கொண்ட வேலைத்திட்டத்தையும், அத்திட்டம் பின்னர் அடைந்த கதியையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ளுதல் நலம். 'காங்கிரஸ்' என்ற மாத்திரத்தில் நம் நாட்டினர்க்கு ஒரு கட்சியின் நினைவே எழும். அமெரிக்காவிலோ அது நாட்டின் சட்டமியற்றும் மன்றத்திற்குப் பெயர். செனட் என்னும் மேற்சபையும், பிரதிநிதி சபை என்னும் கீழ்ச்சபையும் சேர்ந்ததே காங்கிரஸ். பிரதிநிதி சபையில் அங்கத்தினர் 435 பேர், தொகுதிக்கு ஒருவர், பதவிக்காலம் இரண்டே ஆண்டுகள். ஆறாண்டுக் காலம் பதவி வகிக்கும் செனட்டரைப்போல இவர்கள் மக்களை மறந்து நெடுநாள் இருத்தல் இயலாது. இரண்டாண்டுக்கு ஒருமுறை தொகுதியின் வாயிலில் வந்து நின்றே ஆகவேண்டும்.

தேர்தலும் இரு படிகளை உடையது. கட்சியின் அபேட்சகர் யாவர் என்பதைக் கட்சித் தலைவர் மட்டும் தீர்மானித்தல் இல்லை; அக்கட்சியைச் சார்ந்த வாக்காளரே முதனிலைத் தேர்தலில் வாக்களித்துத் தீர்மானிக்கின்றனர். அதில் வென்றவர் நவம்பர் மாதத்துப் பொதுத் தேர்தலில் மாற்றுக் கட்சியினரை எதிர்த்து நிற்பர். இன்னுமொன்று கருதத்தக்கது. பிரதிநிதி ஆவோர் தேர்ந்தெடுக்கப்படும் மாகாணத்தில் வசித்தல் வேண்டும் என்று அமெரிக்க அரசியற் சட்டம் விதிக்கின்றதேயன்றி, அத்தொகுதியிலேயே வசித்தல் வேண்டும் என்று விதிக்கவில்லை. இவ்விதி நாம் கூறப்போகும் தேர்தலில் ஒரு முக்கிய இடம் பெற்றது.

நியூயார்க் மாநகரின் ஒரு பகுதியாகிய புரூக்ளினில் பெட்போர்டு-ஸ்டைவசண்ட் என்றொரு வட்டாரம் உளது. கறுப்பின மக்கள் பெருந்தொகையினராக அங்கு வாழ்ந்தனர். கரீபியத் தீவுகளிலிருந்தும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் வந்து குடியேறியோரும் பலர். பழைய வீடுகள், நெருக்கமான குடியிருப்பு, வேலையின்மை, தளர்ந்த பள்ளிகள் ஆகிய இவையே அக்காலத்தில் அவ்வட்டாரத்தின் கவலைகள். அத்துணை மக்கள் வாழ்ந்தும், தொகுதி எல்லைகள் அவர்களைப் பல துண்டுகளாக்கிப் பல தொகுதிகளில் சிதறவைத்திருந்தமையால், அவர்கள் குரல் எத்தொகுதியிலும் வலிமை பெறவில்லை. வழக்குத் தொடரப்பட்டு, நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி எல்லைகள் மாற்றி வரையப்பட்டன. 1968-இல் பன்னிரண்டாம் தொகுதி புதிதாகத் தோன்றியது. வரைபடத்தில் ஒரு கோட்டை மாற்றுவது சிறு காரியம்போலத் தோன்றும். ஆயினும் ஓர் ஊர் தன் பிரதிநிதியைத் தானே தேர்ந்தெடுப்பதும் தேர்ந்தெடுக்க இயலாமற் போவதும் அக்கோட்டைப் பொறுத்தே அமைகின்றன.

அத்தொகுதிக்கு ஜனநாயகக் கட்சியின் சார்பில் நின்றவரே ஷெர்லி சிஷம் அம்மையார். 1924-ஆம் ஆண்டில் புரூக்ளினிற் பிறந்தவர். தந்தையார் பிரிட்டிஷ் கயானாவிலிருந்து வந்த தொழிலாளி. பார்படோஸ் தீவினரான தாயார் தையல் வேலையும் பிறர் இல்லங்களில் வீட்டு வேலையும் செய்தவர். இளமையிற் சில ஆண்டுகள் பார்படோஸில் பாட்டியாரிடம் வளர்ந்து, மீண்டு வந்து, புரூக்ளின் கல்லூரியில் 1946-இல் பட்டம் பெற்றார். பின்னர் மழலையர் பள்ளி ஆசிரியையாகவும், குழந்தைக் காப்பகத்தின் தலைவியாகவும், நகர சர்க்காரின் குழந்தை நலத்துறையில் ஆலோசகராகவும் பணிபுரிந்தார். 1964-இல் நியூயார்க் மாகாணச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அம்மையாரின் தேர்தல் வேலைத்திட்டத்தில் வேலைவாய்ப்பு, கல்வி, குடியிருப்பு, குழந்தைப் பராமரிப்பு, இனவேற்றுமையை ஒழித்தல் ஆகியவை இடம் பெற்றன. வியட்நாம் போரை நிறுத்தி அப்பொருளை உள்நாட்டு மக்களின் நலத்திற்குச் செலவிடவேண்டும் என்பதும் அவர் கொள்கை. இவற்றைப் படிப்போர், 'இதில் புதுமை யாது? எல்லாரும் இவ்வாறே கூறுவரன்றோ?' என்று வினவலாம். வினா நியாயமானதே. பொதுத் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர் ஜேம்ஸ் பார்மர். அவர் சாமானியரல்லர். இனச் சமத்துவத்திற்காக 1942-இல் தோன்றிய ஸ்தாபனமொன்றை நிறுவியோருள் ஒருவர். 1961-இல் தென் மாகாணங்களில் பேருந்துகளில் இன ஒதுக்கலை எதிர்த்து நிகழ்ந்த விடுதலைப் பயணங்களை நடத்தியவர். நாடெங்கும் புகழ் பெற்றவர். அவரும் வேலை, வீடு, கல்வி ஆகியவற்றையே பேசினார். அவரும் போரை எதிர்த்தார். தாளில் எழுதிய அளவில் இருவர் திட்டங்களுக்கும் பெரும் வேற்றுமை இல்லை. எனின், வட்டாரத்தின் நலன் நாடும் திட்டம் என்பதை எதனாற் கண்டறிவது? இவ்வினாவே இக்கட்டுரையின் மையமாகும்.

முதலாவது, திட்டத்தின் வேர் எங்கு ஊன்றியுள்ளது என்பதை நோக்குதல் வேண்டும். பார்மர் மன்ஹாட்டனில் வசித்தவர். சட்டப்படி அது குற்றமன்று என மேலே கூறினோம். ஆயினும், குழந்தைக் காப்பகத்தின் தேவையைப் பற்றி ஒருவர் நூலிற் படித்துப் பேசுவதற்கும், காலையில் வேலைக்கு விரையும் தாய்மாரிடமிருந்து குழந்தைகளைத் தம் கையில் வாங்கிய ஒருவர் பேசுவதற்கும் வேற்றுமை உண்டு. சிஷம் அம்மையாரின் திட்டத்திற் கண்ட ஒவ்வொரு பொருளும் அவர் செய்த பணியிலிருந்தோ, அவர் குடும்பம் பட்ட பாட்டிலிருந்தோ தோன்றியது.

இரண்டாவது, வாக்குறுதிக்கு முன்னரே செயல் உளதா என்பது. மாகாணச் சட்டசபையில் இருந்த நான்கு ஆண்டுகளில் அம்மையார் சில காரியங்களைச் செய்து முடித்திருந்தார். போதிய பயிற்சியின்றிப் பள்ளியை விட்டு வரும் ஏழை மாணவரைக் கல்லூரியிற் சேர்த்து, துணை வகுப்புகளும் பொருளுதவியும் அளிக்கும் திட்டம் 1966-இல் உருவாக அவர் உழைத்தார். வீட்டு வேலை செய்வோர்க்கு வேலையின்மைக் காலத்து உதவித்தொகை கிடைக்கச் செய்தார். பிரசவத்தின் பொருட்டு விடுப்பெடுக்கும் ஆசிரியைகள் தம் பணிமூப்பை இழவாதிருக்கவும் வழி செய்தார். எனவே, 'இனிச் செய்வேன்' என்று அவர் கூறியது, 'இதுகாறும் செய்தேன்' என்பதன் தொடர்ச்சியாகவே மக்கட்குத் தோன்றியது.

மூன்றாவது, பொருள் எவரிடமிருந்து வருகின்றது என்பது. அம்மையாரின் தேர்தல் முழக்கம், தாம் எவராலும் விலைக்கு வாங்கப்படாதவர், எந்தத் தலைவராலும் ஆட்டிவைக்கப்படாதவர் என்னும் பொருளுடையது. சர்க்கார் உதவித்தொகையில் வாழ்ந்த ஒரு தாய், தம்மைப் போன்றோரிடம் சில்லறையாகத் திரட்டிய பத்து டாலருக்கும் குறைந்த தொகையைக் கொணர்ந்து, தேர்தலில் நிற்குமாறு தம்மை வேண்டினார் என்று அம்மையார் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். தொகை சிறிது, ஆயினும், கொடுத்தவர்க்கே கொண்டவர் கடன்பட்டவராவர் என்னும் உலக வழக்கை நினைந்தால் அதன் பெருமை விளங்கும்.

நான்காவது, கேட்போர் யாவர் என்பது. அம்மையார் ஒலிபெருக்கி பூட்டிய வண்டியில் தெருத்தெருவாகச் சென்றார். போர்ட்டோ ரிக்கோ மக்களிடம் அவர்தம் ஸ்பானிய மொழியிலேயே பேசினார். அத்தொகுதியில் பதிவு பெற்ற வாக்காளருள் பெண்கள் ஆடவரினும் மிகுதி. எதிர்த் தரப்பினர், தலைநகருக்கு ஓர் ஆண்மகன் குரலே வேண்டும் எனப் பிரசாரம் செய்தபொழுது, அம்மையார் மாதர் சங்கங்களையும் பெற்றோர் சங்கங்களையும் நாடிச் சென்றார். கோடைக்காலத்தில் வயிற்றிற் கட்டி கண்டு அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தும், உடல் தேறுமுன்னரே வீதிக்குத் திரும்பினார்.

முதனிலைத் தேர்தலிற் சிறு வித்தியாசத்திலும், பொதுத் தேர்தலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளைப் பெற்றும் அவர் வென்றார். தொகுதி ஜனநாயகக் கட்சியின் செல்வாக்கு மிக்கது என்பதையும் ஈண்டு மறைத்தலாகாது. கட்சியின் வலிமை வெற்றிக்குப் பெரிதும் துணை செய்தது. எங்ஙனமாயினும், 1969 ஜனவரியில் அமெரிக்கக் காங்கிரஸின் வரலாற்றில் முதல் கறுப்பினப் பெண் அங்கத்தினராக அவர் சபை புகுந்தார்.

இனித்தான் திட்டத்தின் உண்மைச் சோதனை தொடங்குகின்றது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் பழமொழி. 435 பேருள் ஒருவர் தாம் எண்ணியதை எண்ணியாங்கு நிறைவேற்றிவிட இயலாது. மசோதாக்கள் முதலிற் கமிட்டிகளிலேயே உருப்பெறுகின்றன. எந்தக் கமிட்டியில் இடம் கிடைக்கின்றதோ அதைப் பொறுத்தே ஓர் அங்கத்தினரின் ஆற்றல் அமையும். அம்மையாருக்குக் கிடைத்ததோ விவசாயக் கமிட்டி. அதிலும் காடுகளைக் கவனிக்கும் உட்பிரிவு. மரங்களை எண்ணி முடித்துவிடக்கூடிய நகர்ப்புறத் தொகுதியின் பிரதிநிதிக்குக் காட்டிலாகாவில் யாது வேலை? புதிய அங்கத்தினர் வாய் பேசாது பொறுத்திருத்தலே சபையின் மரபு. அம்மையார் அம்மரபை மீறித் தம் கட்சிக் கூட்டத்தில் எழுந்து வாதாடினார். படைவீரர் நலக் கமிட்டிக்கு மாற்றப்பட்டார். தம் தொகுதியில் மரங்களைவிடப் பழைய படைவீரர் மிகுதி என்று அவர் நகைச்சுவையுடன் கூறியதுண்டு. 1971-இல் அவர் விரும்பிய கல்வி, தொழில் கமிட்டியில் இடம் கிடைத்தது.

அதன் பின்னரும் வெற்றியும் தோல்வியும் கலந்தே வந்தன. குழந்தைக் காப்பகங்களை நாடெங்கும் நிறுவுதற்கான மசோதாவுக்கு அம்மையார் முன்னின்று உழைத்தார். 1971-இல் இரு சபைகளும் அத்தகைய மசோதாவை நிறைவேற்றின. ஆனால் ஜனாதிபதி நிக்ஸன் அவ்வாண்டு டிசம்பரில் தம் மறுப்பதிகாரத்தால் அதைத் தடுத்துவிட்டார். வாக்குறுதி அளித்தவர் தம்மால் இயன்ற யாவும் செய்தும் அது நிறைவேறாமற் போதல் உண்டு என்பதற்கு இது சான்று. மற்றொருபுறம், கருவுற்ற தாய்மார்க்கும் சிறு குழவிகட்கும் சத்துணவு அளிக்கும் திட்டம் 1972-இல் தோன்றுதற்கு உழைத்தோருள் இவரும் ஒருவர். 1974-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் பாதுகாப்பு வீட்டு வேலை செய்வோர்க்கும் கிடைத்தது.

அச்சட்டம் நிறைவேறிய வரலாறு கூறத்தக்கது. அலபாமா மாகாணக் கவர்னர் ஜார்ஜ் வாலஸ் இன ஒதுக்கலைத் தீவிரமாக ஆதரித்தவர். 1972-இல் அவரும் சிஷம் அம்மையாரும் ஜனாதிபதிப் பதவிக்குத் தம் கட்சியின் அபேட்சகராகப் போட்டியிட்டனர். அப்பொழுது வாலஸ் துப்பாக்கியாற் சுடப்பட்டு மருத்துவமனையிற் கிடந்தார். அம்மையார் அவரைச் சென்று கண்டு ஆறுதல் கூறினார். தம் ஆதரவாளர் பலர் வெகுண்டும் அவர் அதற்கு வருந்தவில்லை. பின்னர் வீட்டு வேலையாளர் கூலி பற்றிய சட்டம் வந்தபொழுது, தென் மாகாணப் பிரதிநிதிகள் சிலரின் ஆதரவைப் பெற வாலஸ் உதவினார். பகைவரையும் நேசிக்கவேண்டும் என்னும் வேதக் கட்டளை ஆலயத்திற்கு மட்டுமன்றி அரசியல் மன்றத்திற்கும் பொருந்தும் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது. பிறர் வீட்டில் உழைத்த ஒரு தாயின் மகள், அத்தகைய தாய்மார் பல இலட்சம் பேருக்குச் சட்டத்தின் காவலைப் பெற்றுத் தந்தார்.

அம்மையார் ஏழு முறை தொடர்ந்து தேர்ந்தெடுக்கப்பட்டு, 1983 ஜனவரியில் சபையை விட்டு விலகினார்; 2005-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் காலமானார். அவர் தொகுதியின் வறுமை அவர் காலத்தில் ஒழிந்துவிடவில்லை. ஒரு பிரதிநிதியால் அது கூடுவதன்று. கூடுமென்று அவர் கூறியதுமில்லை. ஆயினும், தம் மக்களின் பெயரால் இன்னவற்றை முயன்றேன், இவற்றில் வென்றேன், இவற்றில் தோற்றேன் என்று இரண்டாண்டுக்கொருமுறை அவராற் கணக்குக் காட்ட முடிந்தது.

மாணவ நண்பர்களே! நாடும் காலமும் வேறாயினும் எடைபோடும் துலாக்கோல் ஒன்றே. அபேட்சகர் அளிக்கும் அச்சிட்ட தாளை மட்டும் படித்து முடிவு செய்தல் போதாது. அவர் நம்மிடையே வாழ்ந்து நம் குறையை அறிந்தவரா? இதற்கு முன் யாது செய்தார்? அவர் செலவை ஏற்போர் யாவர்? தாம் நாடும் பதவியின் அதிகார எல்லைக்குள் அடங்கியவற்றையே கூறுகின்றாரா? தோற்றவிடத்து அதை ஒளியாது உரைக்கும் நேர்மை அவர்பால் உளதா? இவ்வைந்து வினாக்களையும் கேட்டு, விடை கிடைக்குமளவும் விடாதிருத்தல் வாக்காளர் கடமை. வாக்களித்த அன்றோடு அக்கடமை தீர்ந்துவிடுவதுமில்லை. விதைத்தவர் யாவர், விளைந்தது யாது என்பதை மறவாது வைத்திருந்து, அடுத்த தேர்தலில் அக்கணக்கைக் கேட்பதிலேதான் அது நிறைவு பெறுகின்றது.