நாதசுரத்தின் குரல் மாற்றம்

பழகிய ஒலி மாறும்பொழுது செவி முதலிற் சினங்கொள்ளும், பின்னரே ஆராயும். 1965ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் நியூபோட் நாட்டாரிசை விழாவிற் பொப் டிலன் என்னும் பாடகர் மின்கிற்றாருடன் மேடையேறியபொழுது, அதுவரை அவரைப் போற்றிய சபையிலேயே கைதட்டலும் எதிர்ப்புக் கூச்சலும் ஒருங்கெழுந்தன. இஃது அயல்நாட்டார்க்கே உரிய இயல்பன்று. நம் கோயில் வீதிகளில் முழங்கும் பெரிய மேளமும் இத்தகைய வழக்கினைப் பலமுறை கண்டுள்ளது.

முன்னாளில் வழங்கியது திமிரி நாதசுரம். அது நீளத்திற் குறுகியது, சுருதியில் உயர்ந்தது. ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்திலே, சுவாமி வீதியுலாப் புறப்பட்டமையை அயற்குறிச்சியார்க்கும் அறிவித்தது அக்கருவியே. பூவரசங் கழியும் கூடணிந்த விரல்களும் தாக்க எழும் தவிலோசையும் திறந்த வெளிக்கே ஏற்றது. ஆகவே மேளத்தின் உரத்த குரல் குறையன்று. அது செய்யவேண்டிய பணியினின்றும் பிறந்த பண்பாகும்.

இக்குரலை மாற்றியவர் திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளை (1898–1956). திமிரியிற் சுத்த மத்திமம் செம்மையாகப் பேசுவதில்லை. தோடி இராகத்தை விரித்து வாசிப்பதிற் பெயர்பெற்ற அவர்க்கு, அச்சுரமின்றித் தோடியில்லை. நரசிங்கம்பேட்டை ரெங்கநாத ஆசாரியார் ஆச்சா மரத்திற் கடைந்தளித்த பாரி நாதசுரம் இக்குறையை நீக்கிற்று. அது நீண்டது, ஏறக்குறைய இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியில் ஆழ்ந்தொலிப்பது. அவர் ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவையும் வைத்து வாசித்தார். வீதிக்குரிய கருவி இவ்வாறு மண்டபத்துக்கும் உரியதாயிற்று.

இம்மாற்றத்தால் இராக ஆலாபனையின் நுண்மை புலப்பட்டதென மகிழ்ந்தோர் பலர். திமிரியின் கம்பீரம் மறைந்தது, மேளம் வாய்ப்பாட்டைப் பின்பற்றத் தொடங்கிவிட்டது என வருந்தினோரும் உளர். நம் ஊர் முதியோர் சிலர் அவ்வாறு கூற யானும் கேட்டிருக்கின்றேன். இருவர் கூற்றும் பொய்யன்று. முன்னையோர் மண்டபத்திலிருந்து கேட்டனர். பின்னையோர் வீதியில் நின்று கேட்டனர்.

யாழ்ப்பாணத்தில் இதனையொத்த மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. இணுவிலிற் பிறந்து அளவெட்டியில் வாழ்ந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) நாதசுரத்துக்குத் துணையென எண்ணப்பட்ட தவிலைக் கேட்பதற்கென்றே மக்களைத் திரளச் செய்தார். அவர் கைவண்ணத்தைத் தமிழகத்தாரும் வியந்தனர். ஆயினும், திருவிழா இரவுகளின் மேளச்சமாவிலே தனித்தவில் நீளநீள இராகம் குறுகியதென முணுமுணுத்தோரும் இருந்தனர்.

அடுத்து வந்தது திரைப்பாடல். 1962இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்திற் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுரமும் எஸ். ஜானகியின் குரலும் இணைந்தொலித்தன. ஆபேரி இராகத்தில் அமைந்த அப்பாடல், சாஸ்திரீய இசையறியாதார் செவிக்கும் நாதசுரத்தைக் கொண்டு சென்றது. திரையிசையாற் கேடே விளையும் என்பார்க்கு இஃதொன்றே தக்க விடையாகும்.

எனினும் வேறொன்றும் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குறிச்சிக் கோயிற் பூங்காவனத் திருவிழாவிலே நாதசுரகாரர் ஒருவர் கரகரப்பிரியாவை ஆலாபனை செய்யத் தொடங்கினார். ஐந்து நிமிடமும் கழியவில்லை. திரைப்பாட்டு வேண்டுமென எழுதிய துண்டுகள் மேடைக்குச் சென்றன. அவற்றுள் ஒன்று என் மாணவன் எழுதியது. வித்துவான் புன்னகையுடன் இராகத்தை முடித்துக்கொண்டு பாட்டை எடுத்தார். என்னருகிலிருந்த முதியவர், “இது கோயிலோ, கலியாண வீடோ?” என்று கூறி எழுந்து சென்றார். மறுநாள் அம்மாணவனைக் கண்டிக்க எண்ணினேன், என்னால் இயலவில்லை. கரகரப்பிரியா என்பது யாதென அவனுக்கு எவரும் சொல்லியதில்லை. அவனுக்கு ஆசிரியனாகிய யானும் சொல்லியதில்லை.

குரல் மாறுவதாற் கலை அழிவதில்லை. கேட்பார் அற்றுப்போவதாலேயே அழிகின்றது. ஓர் இராகத்தை ஒரு மணிநேரம் வாசிக்கும் ஆற்றல், அதனை ஒரு மணிநேரம் கேட்கும் கூட்டம் உள்ளவரையே நிலைக்கும். கேட்பாரில்லையெனின், மேளகாரர் தம் மைந்தர்க்கு அவ்வித்தையைப் பல்லாண்டு செலவிட்டு ஏன் பயிற்றவேண்டும்? பிழைப்புக்கு நான்கு பாட்டுக்கள் போதுமே.

ஆதலின், பாரியோ திமிரியோ, கீர்த்தனையோ திரைப்பாட்டோ என்று வழக்கிடுவதிலும், இடமறிந்து கேட்பதே சுவைஞர்க்கு அழகாகும். சுவாமி எழுந்தருளும்பொழுது மல்லாரி ஒலிக்கட்டும். மேளச்சமாவிலே ஓர் இராகமேனும் குறைவின்றி நிகழட்டும். அதன்பின் இளைஞர் விரும்பும் பாட்டும் வரட்டும். உபயகாரர் இவ்வொழுங்கை வித்துவானிடம் முன்னரே வேண்டிக்கொள்ளலாம். திருவிழாவுக்கு முன் ஒரு பாடவேளையை ஒதுக்கி மாணவர்க்கு ஓரிராகத்தை அறிமுகஞ் செய்வது ஆசிரியராகிய எம்மாலும் ஆவதே. எழுந்து சென்ற முதியவரையும் துண்டெழுதிய மாணவனையும் ஒரே பாயில் இருத்தக்கூடிய வழி இதுவென்றே கருதுகின்றேன்.