ஐப்பசியில் சிம்லா

தீபாவளியை ஒட்டிய விடுமுறையில் எங்கே செல்லலாம் என்று யோசிக்கும் வடநாட்டுத் தமிழன்பர்களுக்குச் சிம்லாவைச் சிபாரிசு செய்கிறோம். நம் ஊரில் அடைமழை கொட்டும் ஐப்பசியில் அங்கே மாரி ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும். கோடைகாலத்து நெரிசலும் இராது. 1903-இல் ஓடத் தொடங்கிய சிறு ரயில், கால்காவிலிருந்து 96 கிலோமீட்டர் தூரம், நூற்றுக்கு மேற்பட்ட குகைகளைக் கடந்து மலையேறுகிறது.

1888-இல் கட்டி முடிந்த வைஸ்ராய் மாளிகையை அவசியம் காண வேண்டும். 1945-இல் ராஜாஜியும் கலந்துகொண்ட சிம்லா மாநாடு கூடியது அங்கேதான். பின்னர் அம்மாளிகையை அறிஞர்களின் உயர் ஆராய்ச்சிக்கென உவந்தளித்தவர், திருத்தணியில் பிறந்த ஜனாதிபதி ராதாகிருஷ்ணன். 1965 முதல் அது கலைமகளின் இருப்பிடமாகத் திகழ்கிறது.

ஆயினும், வந்தோரின் பாரத்தையெல்லாம் தாங்கிய மலை இன்று தளர்ந்திருக்கிறது. 2018 கோடையில் நகரம் குடிநீரின்றித் தவித்தது. 2023 ஆகஸ்டில் பெருமழையால் மலைச்சரிவுகள் இடிந்து பல உயிர்கள் மாய்ந்தன. தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிற்று. ஆகவே, மோட்டாரைத் தவிர்த்து ரயிலில் செல்வோம்; நீரைச் சிக்கனமாகச் செலவிடுவோம். உறவினர் வீட்டுக்கு விருந்து சென்றால் எவ்வளவு பதமாக நடந்துகொள்வோமோ, அம்மலையிலும் அவ்வாறே நடந்துகொள்வோமாக.