ஐயாவுக்கு முளைத்த விரல்

எங்க ஐயா 1962-ல் பினாங்கு ஸ்டூடியோ ஒன்றில் நின்று எடுத்துக்கொண்ட போட்டோ, காரைக்குடி வீட்டு வளவில் தொங்குகிறது. கோட்டு, நெற்றியில் விபூதி, பக்கத்தில் ஒரு நாற்காலி, பின்னால் திரையில் வரைந்த மாளிகை. அறுபது வருஷத்துக்கு மேலாக மனுஷன் அசையாமல் நிற்கிறாரே, கொஞ்சம் அசைய வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அதுதான் வம்பு!

அப்பத்தாவுக்கு எண்பத்தைந்தாவது பிறந்த நாள் வந்தது. பி.காம். படித்தவன் அல்லவா? பட்டுப்புடவை விலையையும் இதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். ஐயாதான் சல்லிசு.

ஊரிலேயே ஒரு போட்டோகிராபர் தம்பி இருக்கிறார். கல்யாண சீசன் இல்லாத நாட்களில் பழைய படங்களை முப்பரிமாணத்தில் அசைய வைப்பார்.

"பெரிய மாயமெல்லாம் இல்லை சார். ரயில்ல போறப்ப பாருங்க. பக்கத்துப் பனைமரம் விர்ர்ருனு ஓடும். தூரத்துக் குன்று அப்படியே நிக்கும். அதே கணக்குதான்!"

ஐயா, நாற்காலி, மாளிகை மூன்றையும் கம்ப்யூட்டரில் தனித்தனியாக வெட்டினார். ஒன்றுக்குப் பின் ஒன்றாக இடைவெளி விட்டு நிறுத்தினார். முகத்துக்கு ஒரு கறுப்பு வெள்ளை வரைபடம்: கிட்டே இருக்கிற மூக்கு வெள்ளை, தள்ளி இருக்கிற காது கறுப்பு. பிறகு கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு கேமராவை நகர்த்தினால், கிட்டே இருப்பது அதிகம் நகரும், தூரத்தில் இருப்பது கொஞ்சம் நகரும். நம் மூளை ஏமாந்து, 'அட, ஆழம்!' என்கிறது. 'தி கிட் ஸ்டேஸ் இன் தி பிக்சர்' என்ற 2002 அமெரிக்க டாகுமெண்டரிக்குப் பிறகு இந்த வித்தை ரொம்பப் பிரபலம்.

"வெட்டின இடத்துல ஓட்டை விழுமே தம்பி?"

"அதை நாமதான் சார் ரொப்பணும். பாதி வேலை அதுதான்."

எனக்குப் பக்கத்துக் கோட்டையூர்க்காரர் ஏ.கே.செட்டியார் ஞாபகம் வந்தார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் போட்டோகிராபி படித்தவர். காந்தி பற்றிய டாகுமெண்டரிக்காக நாடு நாடாக அலைந்து, யார் யாரோ எடுத்து வைத்திருந்த படச்சுருள்களை 50,000 அடி சேர்த்து, 1940-ல் படத்தை வெளியிட்டார். அவர் தேடியது நிஜமாக எடுத்த படத்தை. இங்கேயோ, யாருமே எடுக்காததைக் கம்ப்யூட்டர் வரைகிறது! 2009-ல் மறைந்த நாகேஷை 2014-ல் 'கோச்சடையான்' படத்தில் நடமாட விட்டபோது நானும் கை தட்டியவன்தான். ஆனால், நாகேஷ் எங்க ஐயா இல்லையே.

எட்டு செகண்ட் படம். செல்போனில் போட்டுக் காட்டினேன். ஐயா லேசாகத் திரும்பினார். அப்பத்தா வாயைப் பொத்திக்கொண்டார். "இன்னொருக்கா போடு" என்றார். மூன்றாவது தடவை போனைப் பிடுங்கிக் கண்ணருகே கொண்டுபோனார்.

"இடது கையில இது என்னடா?"

போட்டோவில் ஐயாவின் இடது கை முதுகுக்குப் பின்னால் இருக்கும். உடம்பு திரும்பினால் கை தெரிய வேண்டுமே என்று கம்ப்யூட்டர் ஒரு நல்ல கையாக, ஐந்து விரலோடு, வரைந்து வைத்திருக்கிறது.

"அவுகளுக்கு அந்தக் கையில சுண்டுவிரல் கெடையாதுடா. கடையில இரும்புப் பெட்டி மூடி விழுந்து போச்சு. அதான் மறைச்சுக்கிட்டு நின்னாக."

நான் பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்தவர் ஐயா. முப்பத்தைந்து வருஷமாக அந்தப் படத்தைப் பார்க்கிறேன். கை ஏன் பின்னால் போனது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மறுநாள் ஸ்டூடியோவுக்கு ஓடினேன். "ஒரு விரலை அழிக்கிறது அஞ்சு நிமிஷ வேலை சார்" என்றார் தம்பி. எதற்கும் இருக்கட்டும் என்று அப்பத்தாவுக்குப் போன் போட்டேன்.

"வேணாம்டா. அவுக மறைச்சதை நீ எதுக்கு வெளிய எடுக்குறே? கை பின்னாடியே இருக்கட்டும்."

அவ்வளவாகத் திரும்ப வேண்டாம் என்று வெட்டியதில் எட்டு செகண்ட் மூன்றாகிவிட்டது. (பில்லில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை!) இப்போது ஐயா லேசாக முன்னால் வருகிறார், நின்றுவிடுகிறார். தினமும் சாயங்காலக் காபிக்குப் பிறகு என் செல்போன் அப்பத்தாவிடம் போய்விடுகிறது. திரும்பி வர அரை மணி நேரமாகும்.