குமிழியின் வலிமை

செல்வமும் இளமையும் நிலையாதவை என்பதை விளக்க விரும்பிய தமிழ்ப் புலவர்கள், அவற்றுக்கு நீர்க்குமிழியை உவமையாகக் கூறினர். தோன்றிய சிறுபொழுதில் மறையும் குமிழியைவிட மெலிந்த பொருள் வேறு யாது? ஆயினும், ஒருவகைக் குமிழி தான் மறையும் நொடியில் இரும்பையும் அரிக்கும், பாறையையும் குடையும். மழைநீரில் மிதந்து செல்லும் குமிழியினுள் இருப்பது காற்று. வலிமை மிக்க இக்குமிழியினுள் இருப்பதோ நீராவி. இவ்வேறுபாட்டிலேயே அதன் ஆற்றலின் இரகசியம் அடங்கியுள்ளது.

அடுப்பில் ஏற்றிய உலைநீர், கொதிப்பதற்குச் சற்று முன்னர் இரையும். கலத்தின் அடியிலுள்ள நீர் முதலில் சூடேறி ஆவிக்குமிழிகளாக எழுகின்றது. அக்குமிழிகள் மேலே இன்னும் சூடேறாத நீரைச் சேர்ந்தவுடன், உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து மீண்டும் நீராகின்றது. அவ்விடம் வெறுமையாகவே, சுற்றியுள்ள நீர் நாற்புறமிருந்தும் பாய்ந்து மோதுகின்றது. அம்மோதலின் ஒலியே உலையின் இரைச்சல். நீர் முழுவதும் கொதிநிலையை அடைந்த பின்னர், குமிழிகள் இடையில் அழியாமல் மேலே வந்து சேர்கின்றன, இரைச்சலும் தணிகின்றது.

நீரை ஆவியாக்க வெப்பம் ஒன்றே வழியன்று. அழுத்தம் குறையக் குறைய நீரின் கொதிநிலையும் தாழும். கடல்மட்டத்தில் 100 பாகை செண்டிகிரேடில் கொதிக்கும் நீர், அதன்மேலுள்ள அழுத்தம் 24-இல் ஒரு பங்காகக் குறையுமாயின், 30 பாகையிலேயே கொதித்துவிடும். ஓடும் நீரில், வேகம் மிகும் இடத்தில் அழுத்தம் குறைகின்றது. ஆகவே, நீர் மிகமிக விரைந்து பாயும் இடத்தில், நெருப்பின்றியே ஆவிக்குமிழிகள் பிறக்கின்றன; அழுத்தம் மிகுந்த இடத்தை அடைந்ததும் நசுங்கி அழிகின்றன. பொறியியலார் இந்நிகழ்ச்சியைக் ‘கேவிடேஷன்’ என்பர்.

பொறியியலார் இக்குமிழியின் ஆற்றலை இடுக்கண் வழியாகவே அறிந்தனர். இங்கிலாந்து நாட்டுப் பொறியியலாராகிய சார்லஸ் பார்சன்ஸ், தாம் புதிதாக அமைத்த நீராவிச் சுழலியைப் பொருத்தி, ‘டர்பினியா’ என்னும் கப்பலை 1894-ஆம் ஆண்டில் வெள்ளோட்டம் விட்டார். எந்திரம் ஆற்றலுடன் சுழன்றது. கப்பலோ எதிர்பார்த்த வேகத்தை எட்டவில்லை. நீரைத் தள்ள வேண்டிய சுழல் விசிறி, தான் உண்டாக்கிய குமிழிக் கூட்டத்தினிடையே வீணே சுழன்றதுதான் காரணம். பார்சன்ஸ் சோர்வடையவில்லை. சாளரம் வைத்த ஒரு கலத்தில் நீரை நிரப்பி, அதனுள் சிறு விசிறியைச் சுழலவிட்டுக் குமிழிகள் பிறக்கும் இடத்தைக் கண்ணாலேயே கண்டார். பின்னர், ஒரே விசிறி தாங்கிய பளுவை மூன்று தண்டுகளிலும் ஒன்பது விசிறிகளிலும் பகிர்ந்து அமைத்தார். 1897-இல் நடந்த கடற்படை அணிவகுப்பில் டர்பினியா, மணிக்கு ஏறத்தாழ 34 கடல்மைல் வேகத்தில் விரைந்து காண்போரை வியக்கச் செய்தது.

குமிழிகள் வேகத்தைக் கெடுத்ததோடு நிற்கவில்லை. விசிறிகளின் உலோகத்தையும் அரித்துக் குழிகளாக்கின. ராலே பிரபு 1917-இல் கணக்கிட்டு, இதனை விளக்கினார். குமிழி நசுங்கும்போது நீர் ஒரு புள்ளியை நோக்கி வரவர வேகம் மிகுந்து பாய்கின்றது. அதன் ஆற்றல் முழுவதும் மிகச் சிறிய இடத்தில் குவிவதால் அங்கே அளவற்ற அழுத்தம் எழுகின்றது. உலோகத்தை ஒட்டி அழியும் குமிழியினூடே, ஊசிபோன்ற நீர்த்தாரை அவ்வுலோகத்தைத் தாக்கும் என்பதும் பிற்காலத்தில் தெளிவாயிற்று. ஓர் அடி சிறிதே. இலட்சக்கணக்கான அடிகளை எவ்வுலோகம் தாங்கும்?

அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் குறுக்கே அமைந்தது கிளென் கேன்யன் அணை. 1983-ஆம் ஆண்டில் பெருவெள்ளம் வந்தபோது, மிகுந்த நீரை வெளியேற்றும் சுரங்க வழிகள் திறக்கப்பட்டன. நீர் பாய்ந்த வேகத்தில் குமிழிகள் தோன்றி, காங்கிரீட்டுச் சுவரைப் பெயர்த்து, அதன் பின்னிருந்த பாறையில் ஏறத்தாழ 10 மீட்டர் ஆழத்திற்குக் குழி பறித்தன. சுரங்க வழியை முழுவதும் திறந்தால் அழிவு பெருகும். மூடினால் தேக்கம் நிரம்பி வழியும். மதகுகளின்மேல் பலகைகளை நிறுத்தி நீரைத் தடுத்து, வெள்ளம் தணியும்வரை அணையைக் காத்தனர். பின்னர்ச் செய்த பரிகாரம் வியப்பிற்குரியது. சுரங்கத்தில் பள்ளங்கள் வெட்டி, பாயும் நீரோடு காற்றுக் கலக்குமாறு செய்தனர். ஆவியைப்போல் காற்று உடனே நீராகி மறைவதில்லை. பஞ்சுமெத்தைபோல் நின்று மோதலின் வேகத்தைத் தணிக்கின்றது. குமிழி செய்த கேட்டைக் குமிழியே நீக்கிற்று!

மனிதன் கண்டஞ்சிய இவ்வாற்றலை, கடலில் வாழும் ஒருவகைச் சிற்றிறால் தன் படைக்கலமாகக் கொண்டுள்ளது. அதன் கொடுக்குகளுள் ஒன்று மிகப் பெரியது. அக்கொடுக்கை அது படீரென மூடும்போது நீர் பீறிட்டுப் பாய, ஓர் ஆவிக்குமிழி பிறக்கின்றது. அது நசுங்கும் அதிர்ச்சியால் அருகிலுள்ள இரை செயலற்றுப் போகின்றது. அப்போது எழும் வெடியொலி, கொடுக்கின் இருபகுதிகளும் மோதுவதால் உண்டாவதன்று, குமிழி அழிவதால் உண்டாவதே என்பதை, விரைவுப் படக்கருவியின் துணைகொண்டு அறிஞர்கள் 2000-ஆம் ஆண்டில் நிறுவினர்.

மருத்துவரும் இக்குமிழியை ஏவல்கொண்டனர். 1980-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மியூனிக் நகரில், உடலை அறுக்காமல், வெளியிலிருந்து அதிர்வலைகளைச் செலுத்திச் சிறுநீரகக் கல்லை உடைக்கும் முறை முதன்முதலாக ஒரு நோயாளியிடம் கையாளப்பட்டது. அவ்வலைகள் கல்லை நேரே தாக்குவதோடு, அதனைச் சூழ்ந்த நீர்மத்தில் குமிழிகளையும் எழுப்புகின்றன. அவை அழியும்போது கல் மேலும் பொடியாகின்றது. எனினும், அக்குமிழிகளே நுண்ணிய இரத்தக் குழாய்களுக்குத் தீங்கும் செய்யக்கூடும். ஆதலின், அலைகளின் வலிமையையும் அவை அடுத்தடுத்து வரும் விரைவையும் மருத்துவர்கள் அளந்து செலுத்துகின்றனர்.

கப்பலைத் தடுத்ததும், அணையைக் குடைந்ததும், நோயாளியின் கல்லைப் பொடியாக்குவதும் ஒரே நிகழ்ச்சியே. அதன் இயல்பை அறியாதவரை அது பகை. அறிந்து அளவோடு ஆள்பவர்க்கு அது துணை. நிலையாமைக்கு உவமையான குமிழி, சிறியது என்று எதனையும் எள்ளலாகாது என்பதற்கும் நல்லதோர் எடுத்துக்காட்டாக விளங்குகின்றது.