இரும்புக்குள் ஒரு மரம்

ஆட்டையாம்பட்டி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு முறுக்குதான் ஞாபகம் வரும். ஊருக்கு வடக்கே நிற்கும் கஞ்சமலையோ இரும்புக்குப் பேர்போனது. அங்குள்ள மாக்னடைட் கல்லில் காந்தம் அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

இதே சேலம் மாவட்டத்தில், மேட்டூர்ப் பக்கம் மாங்காடு, தெலுங்கனூர் என்று இரண்டு ஊர்கள். அங்குள்ள பெருங்கற்கால ஈமக்காடுகளில் இரும்பு வாள்கள் கிடைத்தன. மாங்காட்டு இரும்பின் காலம் பொ.ஆ.மு. 1604-க்கும் 1416-க்கும் இடையே. தெலுங்கனூரில் கிடைத்தது, கரிமம் மிகுந்த எஃகு, பொ.ஆ.மு. 1435-க்கும் 1233-க்கும் இடையே. அந்த வாள்களுக்கான தாது கஞ்சமலையில் எடுத்தது என்று சொல்லிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் வயதைக் காட்டிக்கொடுத்தது தாது இல்லை, அடுப்புக்கரி.

தாதுவில் இரும்பும் ஆக்சிஜனும் பிணைந்து கிடக்கின்றன. உலையில் கரியைப் போட்டுத் துருத்தியால் ஊதினால் சூடு ஏறும். கூடவே, கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். பழைய உலைகள் அந்தச் சூட்டை எட்டவில்லை. அதனால் இரும்பு ஓடி வராமல் பஞ்சு போன்ற கட்டியாகத்தான் வந்தது. அடித்து அடித்துக் கசடை வெளியேற்றினார்கள். இதற்கிடையே கரியின் கரிமம் கொஞ்சம் இரும்புக்குள் புகுந்துவிடும். எஃகுக்கு வலுத் தருவதும் அதுதான்.

கரியான மரம் உயிரோடு இருந்தவரை காற்றிலிருந்து கார்பன்-14 ஐ ஏற்றுக்கொண்டிருந்தது. வெட்டியபின் வரவு நின்றது. 5,730 ஆண்டுக்கு ஒருமுறை இருப்பு பாதியாகக் குறையும். வாளுக்குள் சிக்கிய கரிமத்திலும் அதே கணக்குத்தான். அணுக்களை நேரடியாக எண்ணும் முடுக்கிக் கருவிகள் வந்தபின் மில்லிகிராம் அளவு கரிமமே இதற்குப் போதும்.

கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை இரும்புக்குச் சொல்லப்படும் பொ.ஆ.மு. 2172, அகழாய்வுக் குழியில் கிடைத்த கரித்துண்டு சொன்ன காலம். 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' அறிக்கை, தூத்துக்குடி மாவட்டச் சிவகளையைக் கொண்டு இரும்பைப் பொ.ஆ.மு. நான்காம் ஆயிரத்துக்கே தள்ளியது. தலைப்புச் செய்தி அதுதான். என் மனம் என்னவோ சேலத்து வாள்களின் பக்கமே சாய்கிறது. பக்கத்தில் கிடந்த கரி, எலி வளையாலோ வேராலோ இடம் மாறியிருக்கலாம். உலோகத்துக்குள் இருக்கும் கரி எங்கே போகும்? அதற்கும் சிக்கல் உண்டு. முதிர்ந்த மரத்தின் வைரத்தை எரித்திருந்தால் வயது கூடித் தெரியும். பழைய இரும்பை மறுபடி உலையில் இட்டிருந்தால் இரண்டு காலமும் கலந்துவிடும். துரு வேறு, மண்ணிலுள்ள கரிமத்தையும் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே துரு தொடாத உலோகம் கொஞ்சமாவது மிஞ்சியிருந்தால்தான் ஆய்வகத்தில் வேலை தொடங்கும்.